ஒரே ஆட்டம் மூன்று வழியாக வந்த வீடு

செவிலிமேட்டில் என் வீடு எது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. டவுன் பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் போதும். எந்த மொட்டைமாடி மதில்மேல் சிமெண்டில் செய்த தேர் நிற்கிறதோ அதுதான் என் வீடு. கொத்தனார் இரண்டு சிங்கம் வைக்கலாம் என்றார். சிங்கம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, பந்தல்காரன் வீட்டுக்குத் தேர்தான் பொருத்தம் என்று நான்தான் சொன்னேன்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அப்பா தாமல் ஏரித் தண்ணீர் பாயும் நிலங்களில் கூலிக்கு நட்டவர். அந்த நிலத்தில் ஒரு பிடி மண்கூட எங்களுடையதில்லை. நான் டவுனுக்கு வந்து மூங்கில் சுமந்தேன், கட்டுப் போடக் கற்றேன், பிறகு சொந்தமாகப் பந்தல் போட்டேன். இன்று கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா, கோயில் உற்சவம் எதுவானாலும் என் தகரப் பந்தல்தான். மழை வந்து என் பந்தலில் ஒரு பந்தி பாதியில் எழுந்தது என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம். இதையும் நானே கைப்பட எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது அவர்கள் வேலை.

எதைப் பார்த்தும் நான் சுலபத்தில் வாயைப் பிளக்கிறவன் இல்லை. கோபுரத்து உச்சிக்கே சாரம் கட்டியவன். அப்படிப்பட்ட என்னையும் வாயடைக்க வைத்தது என் வீட்டு டீவி. டீவி என்றால் அந்தப் பெட்டியைச் சொல்லவில்லை. அதற்குள் ஆட்டம் வந்து சேருகிற வழியைச் சொல்கிறேன்.

என் வீட்டில் அது மூன்று வழியாக வருகிறது. கூடத்துக்குக் கேபிள். அது ஆரம்பத்திலிருந்தே இருப்பது. கேபிள்காரர் டவுனில் தேரோடும் தெருவில் கண்ட்ரோல் ரூம் வைத்திருக்கிறார். அங்கே கரண்ட் போனால் என் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் படம் வராது. ஒரு கிரிக்கெட் ஃபைனலில் கடைசி ஓவருக்கு முன்னால் அப்படிப் போனது. மறுநாளே மொட்டைமாடியில் டிஷ் வைத்துவிட்டேன். மூன்றாவது, மாடி அறையில் என் மகன் இழுத்துக்கொண்ட நெட். அதில் ஆப் வழியாகப் பார்க்கிறான்.

இதில் எது நல்லது என்று தெருவில் என்னைக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த கணக்கில்தான் பதில் சொல்வேன். கேபிள், அடுத்தவன் சுவரில் முட்டுக் கொடுத்துப் போட்ட பந்தல். சுவர்க்காரனுக்கு ஒன்றானால் நமக்கும் ஆகும். டிஷ், நம் நிலத்தில் நாமே கால் ஊன்றிப் போட்ட பந்தல். அதற்கு வானம் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். மூன்றாவதற்கு மட்டும் எனக்குக் கணக்கு பிடிபடவில்லை. காலே இல்லாமல் கூரை நிற்கிறது. போனிலும் நிற்கிறது, பஸ்ஸில் போகும்போதும் கூடவே வருகிறது. என் தொழிலில் அப்படி ஒன்றை எவனாவது போட்டுக் காட்டினால் நான் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு அவன் காலில் விழுவேன்.

மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிரிக்கெட் ஆட்டம். நான் கீழே கூடத்தில் கேபிளில் பார்க்கிறேன், மகன் மாடி அறையில் ஆப்பில் பார்க்கிறான். கீழே ஒருவன் போல்டு ஆனான். ஸ்டம்பு பறந்தது. அந்தச் சந்தோஷத்தில் மகனோடு பேசலாம் என்று மாடி ஏறினேன். அங்கே அந்த ஆட்டக்காரன் அவுட் ஆகாமல் நிற்கிறான். கையுறையை இழுத்து விட்டுக்கொள்கிறான், மட்டையைத் தரையில் தட்டுகிறான். தனக்கு என்ன ஆகப்போகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இப்ப பாரு, ஸ்டம்பு பறக்கும்" என்றேன்.

மகன் என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்டம்பு பறந்தது.

அன்றைக்கு நான் எத்தனை தடவை மாடி ஏறினேன் என்று கணக்கில்லை. ஏறுவேன், சொல்வேன், நடக்கும். நடுவில் டிஷ் ஓடிய அறையையும் எட்டிப் பார்த்தேன். அது கேபிளுக்குக் கொஞ்சம் பின்னால், ஆப்புக்கு வெகு முன்னால். ஒரே பந்து என் வீட்டில் மூன்று தடவை விழுந்தது. மகன் கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டான். என் மனைவி சமையலறையிலிருந்து, "இத்தினி வயசுக்கு மேல படிக்கட்டு ஏறி எறங்கி ஜோசியம் சொல்லிக்கினு இருக்காரு பாரு" என்று மகளுக்குப் போன் போட்டுச் சிரித்தாள். குடும்பமே என்னை அதை வைத்துக் கிண்டல் செய்தது. ஆனால் நான் படியில் நின்று யோசித்தேன். மேலே ஒரு நேரம், கீழே ஒரு நேரம். நடுவில் நான் நிற்கிற படி எந்த நேரத்தில் இருக்கிறது?

இந்தப் படிதான் பிற்பாடு என் பேத்தி விஷயத்தில் வந்து நின்றது.

பேத்தி என் மகளுடைய பெண். கபடி ஆடுகிறாள். சும்மா ஆடவில்லை, மாநில அணிக்கு ஆடுகிறாள். எதிராளி கோட்டுக்குள் பாடிப்போனால் காற்றுப் புகுந்த மாதிரி இருக்கும். என் ரத்தம், வேறெப்படி இருப்பாள்? போன வருடம் அவளுக்கு வலது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. அதோடு விட்டுவிட வேண்டும் என்பது என் மகளின் எண்ணம். ஆடியே தீர வேண்டும் என்பது என் எண்ணம். பேத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுமா, விட்டுட்டு வந்துடறேன்" என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தை என் மகளின் வாயில்தான் இருந்தது.

மகள் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. மாப்பிள்ளை வேனோடு பாதி நாள் வெளியூரில் இருப்பார். பெண்ணைப் பற்றிய முடிவெல்லாம் அவள் எடுப்பதுதான். முட்டி ஆறிப் பேத்தி மறுபடி அணியில் சேர்ந்ததும், அவள் ஜெயித்த காட்சிகள் மகளின் போனில் வந்துகொண்டே இருந்தன. நான் அதைக் காட்டி, பார் எப்படி ஆடுகிறாள் என்றேன். மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"ஜெயிச்சத மட்டும் வெட்டி அனுப்பறாங்க நைனா. வுழுந்தப்புறம் எப்பிடி எழுந்துக்கறான்னு ஒண்ணுலயும் இல்ல. நான் அதத்தான் பாக்கணும்."

"எழுந்துக்கறதுல இன்னா இருக்குது?"

"அவளுக்கு வலிச்சா சிரிப்பா. சின்னப் புள்ளையில இருந்தே அப்பிடித்தான். முட்டி கிழிஞ்ச அன்னிக்கும் பஸ்ஸு ஏறி சிரிச்சுக்கினுதான் வந்தா. நானும் ஜெயிச்சிட்டா போலன்னு இருந்துட்டேன்."

அது உண்மைதான். அன்று நானும் அந்தச் சிரிப்பைப் பார்த்து ஏமாந்தேன்.

அடுத்த மாதம் ஒரு பெரிய போட்டி, டீவியில் காட்டுகிறார்கள் என்று சேதி வந்தது. மகள் தன் நிபந்தனையைச் சொன்னாள். முழு ஆட்டமும் வெட்டாமல், நடக்கும்போதே பார்க்க வேண்டும். விழுந்து எழும்போது பெண் சிரித்தாளானால், அன்றைக்கே போன் செய்து வீட்டுக்கு வரச் சொல்லிவிடுவாள். சிரிக்கவில்லையென்றால் அப்புறம் அவள் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டாள்.

"இத அவகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சிட்டா அதயும் மறைக்கக் கத்துக்குவா" என்றாள்.

நான் சொல்லவில்லை. என் வேலை, ஆட்டத்தை அறுபடாமல் வீட்டுக்குக் கொண்டுவருவது. யாரிடம் மூன்று வழி இருக்கிறது, என்னிடம்தானே? தெரு முழுக்க அழைத்தேன். ஐயம்பேட்டையிலிருந்து உறவுக்காரர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வருவதாகச் சொன்னார்கள். கேபிள்காரரிடம் அந்தச் சானல் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்டேன். டிஷ்ஷில் அதைச் சேர்த்தேன். ஆப்பிலும் வரும் என்று மகன் போனைத் திறந்து காட்டினான்.

ஆனால் ஆட்டம் நடக்கிற நாள் தேர்த் திருநாளாக அமைந்தது.

இந்த ஊரில் தேர் என்றால் என்ன ஆகும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தேர் போகிற தெருக்களில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். குறுக்கே போகிற ஒயர் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள். கேபிள் ஒயர், நெட் ஒயர் என்று எதுவும் தேரின் தலைக்கு மேல் நிற்கக்கூடாது. தேர் நிலைக்கு வந்து நின்ற பிறகுதான் திரும்பக் கட்டுவார்கள். எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் வேண்டும் என்று என் ஆட்களுக்கு மனப்பாடம். அத்தனை பெரிய தேர் அசைந்து வரும்போது ஊரே தன் ஒயர்களை எல்லாம் அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். வருடா வருடம் பார்க்கிறேன், வருடா வருடம் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

ஆக, கேபிள் போச்சு. நெட் ஒயரும் அந்த வழியாகத்தான் வருகிறது, அதுவும் போச்சு. நான் கவலைப்படவில்லை. டிஷ் இருக்கிறது. அதற்குத் தெரு ஒயரும் இல்லை, தேரும் குறுக்கே வராது. பந்தலுக்குக் கால் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னது பலித்ததா இல்லையா?

வானம் மட்டும் கொஞ்சம் மூட்டம். வருகிற கூட்டம் கூடத்தில் கொள்ளாது, மொட்டைமாடியில் பந்தல் போட்டுவிடு, டிஷ் அறையில் இருக்கிற பெரிய டீவியை மேலே ஏற்று என்று விடிகாலையில் என் பந்தல் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத் தேரைப் பார்க்க டவுனுக்குப் போய்விட்டேன். மழை வந்தால் ஒரு சொட்டு உள்ளே விழக்கூடாது, ஒன்றையும் விடாமல் மூடு என்றும் சொன்னேன். அதைச் சொன்ன வாயும் என்னுடையதுதான்.

மத்தியானம் திரும்பி வந்தேன். தேர் ஒரு மூலை திரும்புவதில் தாமதமாகி இன்னும் நிலைக்கு வரவில்லை. மாடியில் பந்தல் அமர்க்களமாக இருந்தது. மதில் ஓரமெல்லாம் ஜாலர்த் துணி, வாசலில் வாழை. கூட்டம் நிறைந்துவிட்டது. டீவியைப் போட்டால் சிக்னல் இல்லை என்று எழுத்து வருகிறது. பெட்டியை நிறுத்திப் போட்டோம், ஒயரைக் கழற்றி மாட்டினோம். அதே எழுத்து.

ஐயம்பேட்டைக்காரன் ஒருவன் முறுக்கைக் கடித்துக்கொண்டு, "மாமா, பந்தல் ஜோராக்கீது. படந்தான் காணோம்" என்றான்.

அப்போதுதான் டிஷ்ஷைத் தேடினேன். மூலையில் இருந்தது. அதன் மேல் தகரம் போட்டு அழகாக மூடியிருந்தார்கள். மூடியதோடு விட்டார்களா? வட்டமாக ஒன்று சும்மா நிற்கிறதே என்று அதைச் சுற்றி மஞ்சள் ஜாலர் கட்டி, நடுவில் ஒரு காகிதப் பூவும் செருகியிருந்தார்கள். என் ஆட்கள் சும்மா நிற்கிற எதையும் ஜோடிக்காமல் விடமாட்டார்கள். அப்படிப் பழக்கியவன் நான்.

"இன்னாடா இது?"

"நீதான்ணே ஒண்ணயும் விடாம மூடச் சொன்ன" என்றார் மேஸ்திரி.

டிஷ்ஷுக்கு வானம் வேண்டும். நானே ஆள் வைத்து வானத்தை மூடிவிட்டேன்.

இதற்குள் கீழே மகள் வந்துவிட்டாள். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கூட்டத்தில் உட்கார்ந்து தன் பெண்ணைப் பார்க்கமாட்டேன் என்று கூடத்திலேயே இருந்துவிட்டாள். மகன் தன் போனின் நெட்டைக் கூடத்து டீவிக்குக் கொடுத்து ஆப்பைத் திறந்தான். படம் வந்தது. ஆட்டம் ஆரம்பமாகியிருந்தது. அவ்வப்போது நின்று, ஒரு வட்டம் சுற்றி, மறுபடி ஓடியது. தேர்க் கூட்டம் அத்தனை பேர் கையிலும் போன் இருக்கிறதே, லைன் நெரிசல் என்றான் மகன். போனை டீவி பக்கத்திலேயே வைத்துவிட்டு அவன் மாடிக்குப் போனான். மேலே வா, டிஷ்ஷைச் சரி செய்கிறேன் என்று மகளைக் கூப்பிட்டேன். "எனக்கு இங்க வருதுபா. நீ மேல பாரு" என்றாள், டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் மேலே போய் வேட்டியை மடித்துக் கட்டினேன். மேஸ்திரி தடுத்தார். தள்ளு என்றேன். இந்த வயதில் சவுக்குக் கம்பத்தில் ஏறி, என் ஆட்கள் போட்ட கட்டை நானே அவிழ்த்தேன். நல்ல கட்டு. சுலபத்தில் அவிழவில்லை, அதில் எனக்குப் பெருமைதான். ஒரே ஒரு தகரத்தை நகர்த்தினேன். ஒரு தகரம் அகலத்துக்கு வானம் தெரிந்தது, சாம்பல் நிறத்தில், அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு காக்கைகூட இல்லை. ஆனால் அந்தச் சந்து வழியாக, அந்த ஒன்றுமில்லாததிலிருந்து, என் பேத்தி இறங்கி வந்தாள். கீழே கூட்டம் கைதட்டியது. கம்பத்தில் தொங்கிக்கொண்டே தலையைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய டீவியில் அவள் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எந்த ஊரிலோ நின்று கும்பிடுகிறாள், அது மேகத்துக்கு மேலே போய், என் தகரச் சந்தில் நுழைந்து, ஜாலர் கட்டிய அந்தத் தட்டில் விழுகிறது. எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கம்பத்தை விட்டால் விழுந்துவிடுவேன் என்பதால் கூப்பவில்லை.

இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவள் பாடிப்போனாள், ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தாள். மறுபடி போனாள். இந்தத் தடவை உள்ளே வெகுதூரம் போய்விட்டாள். ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள். இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். வலது கால் மடங்கி அடியில் போனது. பிடித்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்தாள்.

எழுந்தாளா இல்லையா என்று நான் அங்கே நின்று பார்க்கவில்லை. என் கால் படிக்குப் போய்விட்டது. கீழே மகள் தனியாக இருக்கிறாள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. படி இறங்கும்போது மேலே ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பேரும் மூச்சை அடக்கியிருந்தார்கள்.

கூடத்துக்குள் நுழைந்தேன். அங்கே டீவியில் பேத்தி நன்றாக நின்றுகொண்டிருந்தாள். முட்டிக் கவசத்தை இழுத்து விட்டுக்கொள்கிறாள், உள்ளங்கையைத் தொடையில் தேய்க்கிறாள், பாடிப்போகக் கோட்டருகே வருகிறாள். அன்று மட்டையைத் தட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்துச் சிலிர்த்தேனே, அதே சிலிர்ப்பு. ஆனால் இது விளையாட்டாக இல்லை. அந்தப் பெண் விழப்போகிறாள். அவள் அம்மா அதைப் பார்க்கப்போகிறாள். இந்த உலகத்தில் அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவன் நான் ஒருவன்தான்.

டீவி சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு தட்டு. கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டர் இன்று மாடிக்கு மட்டும் என்றால் முடிந்தது. தேர் நாள், நம்புவார்கள். மகள் எதையும் பார்க்கமாட்டாள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லமாட்டாள், பேத்தி ஆடிக்கொண்டே இருப்பாள். என் கை சுவிட்சின் மேல் போய்விட்டது.

மகள் திரும்பாமலே கேட்டாள்.

"மேல முன்னாடியே வந்துடுச்சா?"

என் மூச்சிரைப்பே அவளுக்குப் பதில் சொல்லியிருக்கும்.

"சொல்லாத நைனா. நான் பாத்துக்கறேன்."

கையை எடுத்துவிட்டேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேத்தி உள்ளே போனாள். கணுக்காலைப் பிடித்தார்கள். விழுந்தாள். மகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு பெண் கவிழ்ந்து கிடக்கிறாள். அந்த இடத்தில் படம் நின்றது. வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அதே சமயம் மாடியில் ஒரு பெரிய கூச்சல். சந்தோஷமா துக்கமா என்று தெரியாத கூச்சல். மேலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அவள் இன்னும் தரையில் கிடக்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இத வுட்டுட்டு அப்பால போயிடுச்சுன்னா? எழுந்துக்கறது வராமப் போயிட்டா?"

எனக்கும் அந்தப் பயம்தான். கேபிள் அறுந்து திரும்ப வந்தால் ஆட்டம் எங்கோ போயிருக்கும். நான் தகரத்தை நகர்த்தியபோது டிஷ்ஷிலும் அப்படித்தான், போனது போனதுதான், நடுவில்தான் வந்து சேர்ந்தது. அதெல்லாம் தேர் மாதிரி, யாருக்காகவும் பின்னால் வராது.

வட்டம் நின்றது. படம் விட்ட இடத்திலிருந்தே வந்தது. அவள் அதே மாதிரி கவிழ்ந்து கிடந்தாள், எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்த மாதிரி. கால் இல்லாத அந்தப் பந்தல், ஒரு தாய்க்காக ஆட்டத்தையே பிடித்து வைத்திருந்தது. நான் இதுவரை கட்டிய எதுவும் இதைச் செய்ததில்லை.

தோழி ஒருத்தி கை கொடுத்தாள். பேத்தி அதைத் தட்டிவிட்டாள். இடது காலை ஊன்றி எழுந்தாள். கேமரா முகத்துக்குக் கிட்டே போனது. மகள் என் மணிக்கட்டை நசுக்கினாள்.

புருவம் இரண்டும் சேர்ந்து, உதடு பிதுங்கி, மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தாள். பிடிபட்ட ஆத்திரம். தன்னைப் பிடித்தவளை முறைத்தாள். வலது முட்டியை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு, யாரையோ திட்டியபடி வெளியே நடந்தாள். நொண்டவில்லை.

"சிரிக்கல" என்றாள் மகள்.

"சிரிக்கல."

"எப்பிடி மொறைக்கறா பாரு. அப்பிடியே உன் மூஞ்சி நைனா." தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மணிக்கட்டை விட்டுவிட்டு, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் டீவியிடம் சொல்கிற மாதிரி, "ஆடட்டும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை நான் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். படி ஏறும்போது முட்டி எனக்குத்தான் வலித்தது. பந்தலுக்குள் தலையை நீட்டினேன். தகரச் சந்து வழியாக வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. பெரிய டீவியில் என் பேத்தி மறுபடி களத்துக்குள் வந்து, கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கீழே அவள் அம்மா இன்னும் பார்க்காத அடுத்த ஆட்டத்துக்குள் பாடிக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள்.